நிறுத்தச் சொன்ன கை

2017 மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணி. மேகமில்லை, பனியில்லை; பழி போட ஒரு தூசுகூட இல்லாத வானம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கிரேன்காரர் தம் வீட்டு மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று, கப்பியில் ஓடிய கயிற்றால் தண்ணீர் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். கீழே தெருக்குழாயருகே மனைவி சைகை காட்டினாள்: விரல் சுழன்றால் ஏற்று, கை மூடினால் நிறுத்து. வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட ஆறாண்டுகளாக, துறைமுகத்துப் பழக்கம் கைவிட்டுப் போகாதிருக்க அவர் வகுத்துக்கொண்ட பயிற்சி இது.

இரண்டாம் மாடிக்காரர் அன்று துணிக்கம்பியை வெளியே நீட்டியிருந்தார். மனைவி கையை மூடினாள். வாளி நிற்கவில்லை; கம்பியில் மோதிக் கவிழ்ந்தது.

"என்ன கேப்டன், கப்பல் கவுந்துடுச்சா?" என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

மனைவி சொட்டச் சொட்ட ஏறி வந்தாள். "கைய மூடினேனே, பாக்கலையா?"

"நீ மூடவே இல்லடி."

சொன்ன பிறகே அவருக்கு உறைத்தது. துறைமுக விபத்து விசாரணையில் அவர் சொன்னதும் இதுதான்: சைகைக்காரன் கையை மூடவே இல்லை. விபத்து நடந்த அன்றும் தெளிந்த காலை. அவர் இறக்கிய இரும்புச் சட்டம், கீழே நின்ற சைகைக்காரனின் வலக்காலை நசுக்கியது. மூடினேன் என்றான் அவன். இல்லை என்றார் இவர். வேறு சாட்சி கிடையாது. தம்மீது பிழையில்லை, ஒருநாள் அந்தக் கிரேன் கூண்டில் மீண்டும் ஏறுவோம் என்பதே அவரை ஆறாண்டுகள் தாங்கிய நம்பிக்கை.

மனைவி தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய்க் கையை உயர்த்தினாள். "எத்தன விரல்?"

"வெளையாடாத."

"சொல்லுங்க."

"மூணு."

"மூடித்தான் வச்சிருக்கேன்." அவள் குரல் தாழ்ந்தது. "எப்பலேருந்து இப்படி?"

"தெரியலயே."

ஆறாண்டுகளில் அவர் சொன்னவற்றுள் ஐயத்துக்கு இடமற்ற உண்மை அது ஒன்றே.

அன்றுதான் விசாரணையின் தீர்ப்பு நாள்; பதினொரு மணிக்கு, அதை வாங்க இருவரும் துறைமுக அலுவலகத்துக்குச் சென்றனர். பெஞ்சில் சைகைக்காரன் இருந்தான். ஊன்றுகோலை ஒதுக்கி இடம் விட்டான்.

"உக்காருங்கண்ணே. இன்னிக்காவது விடிவு வந்துடும்ல?"

அவர் அமர்ந்தார். அவன் பேசியபோதுகூட அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அந்த முகம் மிகத் தெளிவாகத் தெரியுமென்ற அச்சம்.

"சொல்லிடுங்க," என்று மனைவி காதோரம் முணுமுணுத்தாள்.

"என்னன்னு சொல்ல? அன்னிக்குத் தெரிஞ்சுதா தெரியலையான்னே எனக்குத் தெரியலையே."

"அதச் சொல்லுங்க, போதும்."

எழுத்தர் கதவைத் திறந்து புன்னகைத்தார். "வாங்க சார், உங்களுக்கு நல்ல காலம். மறுபடி வேலைக்கு வரச் சொல்லியாச்சு. அந்தாளு சைகையே காட்டலன்னு எழுதிட்டாங்க."

பெஞ்சில் ஊன்றுகோல் சரிந்து விழும் ஓசை கேட்டது. அதை எவரும் எடுக்கவில்லை.

கிரேன்காரர் வாயைத் திறந்தார். மனைவி காத்திருந்தாள். எழுத்தரும், அவர் நன்றி சொல்லப்போகிறார் என்றெண்ணிச் சற்றுநேரம் காத்திருந்தார். பிறகு, கையொப்பத்தின் மை இன்னும் காயாத வேலை உத்தரவுத் தாளை நீட்டினார்.

கிரேன்காரர் வாங்கிக்கொண்டார்.