மூன்றாவது இலக்கம்

23 ஜூலை 2011, சனி. அண்ணா வாசித்த எண்களில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் இருந்தன. கணக்கு வகுப்புப் பழக்கத்தில் இரண்டாகச் சுருக்கிப் பதிந்துவிட்டேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது. சின்னப் பிழைதான். நாளை சொல்லித் திருத்த வேண்டும்.

டைரியில் எழுதிய அந்த 'நாளை' போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. இப்போது அஸ்வினி கூடத்து மூலையில் மண்டியிட்டு, ஐஸ்பெட்டியின் வயரை ஒதுக்கி, கம்ப்யூட்டர் பிளக்கைச் செருக இடம் தேடிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் அவளுடைய அண்ணன் கணேஷ்குமார் நெற்றியில் விபூதியோடு கிடந்தான்.

"ஏய், என்ன பண்றே?" என்றார் தேவராஜ் மாமா. இதே நகரத்துத் திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் ஊர் உருது கலந்துவிடும். "கம்ப்யூட்டர் இப்ப கைக்கு, எதுக்கு? பொட்டி நின்னுபோச்சுன்னா? நக்கோ மா, வேணாம், எழுந்திரு."

"ஒரே ஒரு தடவை மெயில் பாக்கணும் மாமா."

"மெயிலா? அண்ணன இப்படி வெச்சிக்கிட்டு..."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிளக்கைத் தரையில் வைத்தாள்.

அண்ணனுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சிறு டப்பா ஒன்றை எங்காவது ஒளித்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு வந்து தேடிப்பிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவன் தன் டப்பாவை குகட்பள்ளி நெடுஞ்சாலை ஓரத்து வேப்பமரப் பொந்தில் வைத்திருந்தான். அத்தனை வண்டி போகும் இடத்தில் ஒருவர் கண்ணிலும் படாது என்பதில் அவனுக்குப் பெருமை. எண்களை வாசித்தது அவன், தட்டியது அவள், பதிவும் அவள் மெயிலில்தான்.

இரண்டு பேர் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். நேற்றுக் காலை ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான்: "ஆபீஸ் முடிஞ்சு வர்றப்ப நீ போட்ட நம்பரையே ஃபாலோ பண்ணிப் பாக்கறேன். எங்க கொண்டுபோய் விடுதுன்னு தெரியட்டும். தப்பு உன்னோடதா இருந்தா ஞாயித்துக்கிழமை பிரியாணி உன் செலவு, கணக்கு டீச்சரம்மா."

"நான் ஒண்ணும் தப்புப் பண்ணல."

நாலு அடி தள்ளிக் காட்டும், தேடிக்கொள்வான் என்று நினைத்தாள். பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் கணக்கு சொல்லித்தரும் வகுப்பில் அன்று மாலை தேர்வு. அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டாள்.

சாலை நடுவே அரளிச் செடி வைத்த தடுப்பில் நின்று, கையில் எதையோ பார்த்தபடியே அவன் மறுபக்கம் இறங்கினான் என்று லாரிக்காரன் போலீஸிடம் சொல்லியிருந்தான்.

"நடு ரோட்டுக்கு ஏன்டா போனே?" அம்மா கனகம் காலையிலிருந்து பெட்டியிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு பானு யாரிடமோ, "வேலைல ஏதாவது பிரச்சனையோ என்னமோ. இந்த ஐடி பசங்க வெளிய சொல்லமாட்டாங்க" என்று கிசுகிசுத்தாள். அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. பிறகு வேறு குரலில் தொடங்கியது.

பிற்பகலில் எடுத்தார்கள். அப்பா இல்லாத வீடு; கொள்ளி வைக்க மாமாதான் போனார். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அஸ்வினி தலைமுழுகி, ஈரத் தரையில் கால் வைக்காமல் நாற்காலியில் குந்திக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அண்ணன் எண்களைக் குறித்துவைத்திருந்த தாளைப் பார்த்து, பதிவில் சுருக்கியதை மூன்று இலக்கமாக மாற்றினாள். வேலை அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் மெயிலைப் பார்த்தாள். ராஜகோபால் என்று ஒருவர், நேற்று மதியம் எழுதியது. டப்பா சாலை நடுத்தடுப்பில், செடிகளுக்குள் இருப்பதாகத் தெரிகிறது. நல்ல சவால். எண்களைக் கருவியில் ஏற்றிவிட்டேன். ஞாயிறு விடிந்ததும் மகளோடு வருகிறேன்.

வராதீர்கள் என்று பதில் போட்டாள். திரும்பத் திரும்பப் போட்டாள். போன் நம்பர் எங்கும் இல்லை. திரை அசையாமல் இருந்தது.

அம்மா வந்து அருகே நின்றாள். "அந்த பானு சொல்றது நெசமாடி? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் அங்க போனான்?"

அஸ்வினி திரையைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுடுகாட்டிலிருந்து வந்த மாமா காலைக் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை அவளிடம் நீட்டினார். கண்ணாடி விரிசல் விட்ட ஜிபிஎஸ் கருவி. "இது என்ன, போனா?" என்று பித்தானை அமுக்கிப் பார்த்தார். விளக்கெரிந்தது. "இன்னும் உயிரோட இருக்கு பாரு இது."

அவள் அதை ஜன்னலருகே கொண்டுபோனாள். அம்புக்குறி தடுமாறிச் சுற்றியது. பிறகு ஹாரன் சத்தம் வரும் பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது.

"காலைல பால் தெளிக்கப் போகணும்," என்றார் மாமா. "நீ அம்மாகூட இரு. வெளிய எங்கயும் போகாதே."

6 ஆகஸ்ட் 2011, சனி. எண்களைத் திருத்தினேன். ராஜகோபாலிடமிருந்து பதில் இல்லை. நாளை விடியுமுன் போய் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். கருவியோடு யார் வந்தாலும் தடுப்புப் பக்கம் போகவிடக் கூடாது. பொந்திலிருந்து டப்பாவை எடுத்துவிட வேண்டும். போகுமுன், எங்கே, எதற்கு என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும்.