ஒன்றரை நூல்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரைஸ்மில் ரெத்தினம் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, தங்கச்சி சொன்னது சரிதாம்ப்பா. மோட்டாரு நல்லா ஓடுது. மீட்டரு எறங்கிடுச்சு."

அந்த மாதத்தில் நான் கேட்ட ஒரே நல்ல செய்தி அது. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் என் தங்கை வானதி. முப்பத்து நாலு வயதில் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்களை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்து மாட்டித் தரும் கம்பெனி தொடங்கப்போவதாகச் சொன்னாள். என்னிடம் ஐந்து ஏக்கர் நிலமும் ஒரு லோடு வண்டியும் உண்டு. வண்டி இருந்ததால் நானும் பங்குதாரன்.

எங்கள் திட்டத்தில் பாதி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் உருவானது. கேட் போட்டுவிட்டால் வண்டியை அணைத்துவிட்டுப் பேச வேண்டியதுதான். முதலில் விவசாயிகளிடம் விற்கலாம், எல்லார் வயலிலும் போர்செட் இருக்கிறதே என்றாள்.

"ஏண்டி, வயலுக்குக் கரண்ட்டே சும்மா வருது. கொறைச்சலா இழுக்குற மோட்டாரை எவன் வாங்குவான்? நானே வாங்க மாட்டேன்."

"பங்குதாரரே இப்படிச் சொன்னா கம்பெனி வெளங்கிடும்."

"அப்ப போர்டுல என் பேரைச் சின்னதாப் போடு."

கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அதே கேட்டில், "பில்லு கட்டுறவங்ககிட்ட போவோம்ணே. ரைஸ்மில்லு" என்றாள்.

ரெத்தினம் ஐயா மில்லில் பதினோரு மோட்டார்கள். எல்லாமே பலமுறை எரிந்து, மீரா உசேன் பாய் செம்புக் கம்பியால் மறுபடி காயில் கட்டிக் கொடுத்தவை. பாயின் கடை மில்லுக்கு எதிரிலேயே இருந்தது. ஒவ்வொரு முறை எரிந்து கட்டும்போதும் மோட்டார் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் இழுக்கும் என்று வானதி அவர் முன்னாலேயே சொன்னாள்.

"முப்பது வருசத்துல என் காயில்ல குத்தம் சொன்ன மொத ஆளு நீதாம்மா."

"காயில்ல குத்தம் இல்ல பாய். ஏழு தடவ சுட்டா இரும்பு என்னத்துக்கு ஆகும்?"

"சரிதான். அப்ப எனக்கும் உன் கம்பெனில ஒரு வேலை போட்டுக் குடு. நான் கடையைச் சாத்திட்டு வந்துடுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உமியை ஊதித் தள்ளும் புளோயருக்கு ஒரு மோட்டாரை மாட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அதற்கென்று தனி மீட்டர் வைத்தாள். பழைய மோட்டார் எட்டு மணி நேரத்தில் தொண்ணூற்றாறு யூனிட் இழுத்தது. மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் 96 என்று எழுதிவைத்தாள். புது மோட்டாரில் இந்தக் கணக்கு இறங்கினால் மற்ற பத்தையும் மாற்றிக்கொள்வதாக ஐயா சொன்னார். "எறங்கலேன்னா நீயே கழட்டிக்கிட்டுப் போயிரணும், ஆமா."

குறுவை நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். நல்ல மழை. மோட்டாரை மாட்டிய அன்று மாலையே அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணு குறைகிறது என்றார்கள். அவள் எதைக் கேட்டாலும் நான் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

காரியத்துக்கு மறுநாள் மில்லுக்குப் போனேன். மற்ற பத்து மோட்டார்களைப் பற்றிப் பேச வேண்டும். கேட் போட்டிருந்தது. வண்டியை அணைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மில்லில் புளோயர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பழைய மோட்டாரில். புதியது ஒரு மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. மீரா உசேன் பாய் அங்கே கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ஐயா எறங்குச்சுன்னு சொன்னாரே பாய்?"

"துக்க வீட்டுல வேற என்னத்தச் சொல்லுவாரு? தொண்ணூத்தெட்டு காட்டுச்சு தம்பி. நாலு நாள் வச்சுப் பாத்தோம். நாந்தான் கழட்டுனேன்."

நான் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று குனிந்தபோது, பாய் என் கையைப் பிடித்தார்.

"மோட்டாரு மேல குத்தம் இல்ல. பழசு தளந்து நிமிசத்துக்கு ஆயிரத்து நானூத்து முப்பது சுத்து சுத்துது. இது தெம்பா ஆயிரத்து நானூத்து எம்பது சுத்துது. புளோயரும் சேந்து வேகமாச் சுத்தும். காத்து கொஞ்சம் கூடுனாப் போதும், கரண்ட்டு மடமடன்னு ஏறிடும். மோட்டாருல பெல்ட்டு ஓடுற புல்லிய, அந்தச் சக்கரத்தக் கொறைச்சு மாட்டணும். அவ்வளவுதான்."

"இத ஏன் ஐயாகிட்ட சொல்லல?"

கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"பதினொண்ணும் புதுசாயிட்டா எனக்கு என்ன இருக்கு? அதான் வாயை மூடிட்டேன். ஆனா தங்கச்சிக்கு இது தெரியாம இருந்திருக்காதே. அத நெனச்சு, அவ போனதுலேருந்து சோறு எறங்கல."

அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் என்னிடம் சொன்னாள். "அண்ணே, புளோயரு வேகமா ஓடுது. புல்லிய லேத்துல குடுத்துக் கடைஞ்சு ஒன்றரை நூல் கொறைக்கணும். பாய்கிட்ட சொல்லு." ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. காய்ச்சலில் கிடப்பவள் இதையெல்லாம் ஏன் நினைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை கண்ணைத் திறந்ததும், "மாத்துனியா?" என்றாள். அவளுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று, "மாத்திட்டேன்" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பாயிடம் சொன்னேன். நேராக ஐயாவின் அறைக்குப் போய் அவரிடமும் சொன்னேன். நான் அழுதது அப்போதுதான்.

"நானும் பொய்தானே தம்பி சொன்னேன்" என்றார் ஐயா. பிறகு, என் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பாயைப் பார்த்து, "லேத்து ஓடுதா ஒங்க கடையில?" என்றார்.

"ஓடுது."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

அன்று மத்தியானமே பாய் புல்லியைக் கடைந்தார். ஒவ்வொரு தடவையும் இரும்புச் சீவல் விழுந்ததும் நிறுத்தி அளந்தார். ஒன்றரை நூலில் நின்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட விட்டோம். நான் வீட்டுக்குப் போகாமல் ஒரு நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மூன்று பேரும் மீட்டருக்கு முன்னால் நின்றோம். பாய்தான் வாசித்தார், எண்பத்தொன்பது.

ஐயா சாக்பீஸை என்னிடம் நீட்டினார். அவள் எழுதிய 96 மழை ஈரத்தில் மங்கியிருந்தது. அதைத் தொடாமல், கீழே 89 என்று எழுதினேன்.

"மாத்திட்டேன்" என்றேன்.

"என்னது?" என்றார் பாய். புளோயர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல பாய்."

ஐயா சுவரைப் பார்த்தபடியே, "அடுத்தது நெல்ல மேல ஏத்துற எலிவேட்டர் மோட்டாரு. எப்ப கழட்டுறீங்க?" என்றார். நான் பாயைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே எலிவேட்டர் பக்கம் நடந்து, குனிந்து, அதன் புல்லியைச் சாணால் அளந்துகொண்டிருந்தார்.