அதே பத்து வார்த்தை

திருமானூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர் ராசாங்கம். முகூர்த்த நாளில் கூட்டம் பிதுங்கும்போதுகூட, யார் டிக்கெட் வாங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு அறுபத்தாறாவது வயதில், 2004 தை மாசம், ஒரு சங்கடம் வந்தது. கடைத்தெருவில் சொந்தச் சம்பந்தி எதிரே வந்து கும்பிட்டார். பெயர் வாயில் வரவில்லை. "வாங்க, வாங்க" என்று சமாளித்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர், அதற்கப்புறம் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். அவருடைய சித்தப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். அந்த நினைப்பு அரித்துக்கொண்டே இருந்தது. மனைவி பொன்னாயியிடம்கூடச் சொல்லவில்லை.

மாசியில் திருச்சியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. வயதானவர்கள் தினமும் நடந்தால் ஞாபகசக்தி கூடுமா என்று பார்க்கப் போகிறார்களாம். அறுபது தாண்டிய நாற்பது பேர் வேண்டும். பொன்னாயி அவரைக் கேட்காமலே இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

சமுதாயக்கூடத்தில் பரிமளா என்ற பெண் எதிரே உட்கார்ந்து பத்து வார்த்தை வாசித்தாள். மாடு, குடை, ஆறு, கண்ணாடி, மிளகாய், கட்டில், மணி, செருப்பு, நெருப்பு, கப்பல். மூன்று தடவை வாசித்தாள். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லிவிட்டு, "இப்ப அந்த வார்த்தையெல்லாம் சொல்லுங்கய்யா" என்றாள். ராசாங்கத்துக்கு நாலுதான் வந்தது. பொன்னாயிக்கு ஆறு.

அப்புறம் சீட்டுக் குலுக்கினார்கள். பாதிப்பேர் தினமும் காலையில் நடக்கவேண்டும். பாதிப்பேர் எப்போதும்போல இருக்கவேண்டும். பொன்னாயிக்கு நடை விழுந்தது. ராசாங்கத்துக்கு விழவில்லை.

"ஆறு மாசம் முடிஞ்சதும் உங்களுக்கும் நடை உண்டுங்கய்யா. அதுவரைக்கும் புதுசா எதுவும் ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள் பரிமளா.

பொன்னாயி விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குக் கிளம்பினாள். கூடவே பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவும் இன்னும் பதினெட்டுப் பேரும். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக ராசாங்கம் அடுப்படிக்குள் போய் டீ போட்டுவைத்தார். முதல் நாள் சர்க்கரை போட மறந்துவிட்டார். அதற்கும் உள்ளுக்குள் பயந்தார்.

வைகாசியில் இரண்டாவது சோதனை. பரிமளா "மாடு" என்று ஆரம்பித்ததுமே ராசாங்கத்தின் உதடு தானாக "குடை" என்றது. முடிவில் எட்டு வார்த்தை சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டார்.

"நடந்து தேஞ்ச ஒனக்கும் எட்டு. உக்காந்திருந்த எனக்கும் எட்டு" என்று பொன்னாயியிடம் பொட்டலத்தை நீட்டினார்.

அவள் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "போன தடவ கேட்ட அதே வார்த்தைதானே கேட்டாங்க? ஒரே கேள்வித்தாள ரெண்டு தடவ குடுத்தா ஆருதான் பாஸாக மாட்டா?" என்றாள்.

ராசாங்கம் எடுத்த விள்ளலைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நேரே சமுதாயக்கூடத்துக்குப் போனார். பரிமளா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எனக்கு நாலு எட்டாச்சே, அது நெசமா, இல்ல பழகுனதால வந்ததா?"

"பழகுனதும் அதுல இருக்குங்கய்யா. ஒருதடவ எழுதுன பரீட்சைய மறுபடி எழுதுனா எல்லாருக்குமே கொஞ்சம் ஏறும். நடந்தவங்களுக்கு ஏறுனது நடையாலயா பழக்கத்தாலயான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் நடக்காத உங்க கூட்டம். உங்களுக்கு ஏறுனதக் கழிச்சுட்டுத்தான் அவங்களப் பாக்கணும்."

"அப்ப, கழிக்கிறதுக்குன்னே எங்கள வச்சிருக்கீங்க."

பரிமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க இல்லாட்டி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கய்யா."

அவர் உடனே எழுந்துபோகவில்லை. சம்பந்தி பெயர் மறந்ததையும், சித்தப்பாவையும், நாலு மாசமாக அனுபவித்த பயத்தையும் மெதுவாகச் சொன்னார். பரிமளா தாள்களை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் டாக்டர் இல்லீங்கய்யா. டாக்டர்ட்ட ஒருதடவ காட்டிருங்க. ஆனா ஒண்ண யோசிச்சுப் பாருங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் கேட்ட வார்த்தைங்க. நீங்க எழுதிகூட வைக்கல. நேத்து நான் மாடுன்னதும் நீங்க குடைன்னீங்க. எதுவுமே தங்காத தலையா இருந்தா, பழக்கத்தாலகூட ஏறியிருக்காதே?"

 ராசாங்கத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "ஆமால்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து பொன்னாயியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்கா இத்தன நாளு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டிருந்தீங்க? எனக்கு சம்பந்தியம்மா பேரு ஒரு வருசமா வரல. அண்ணி, அண்ணின்னே ஓட்டிக்கிட்டிருக்கேன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அந்த வாரமே அரியலூரில் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் நிதானமாகச் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, கவலையை விட்டுவிட்டு நன்றாகத் தூங்குங்கள் என்றார். வரும் வழியில் கீழப்பழுவூரில் இறங்கிச் சம்பந்தி வைத்திலிங்கத்திடம் நடந்ததைச் சொன்னார்கள். "அதானா? இம்புட்டு மரியாதையா வாங்க வாங்கங்கிறாரேன்னு அன்னைக்கே நெனச்சேன்" என்றார் வைத்திலிங்கம். சாப்பிடாமல் அவர் விடவில்லை. வீட்டம்மாவின் பெயர் ஜெகதாம்பாள் என்பதைப் பொன்னாயி சாமர்த்தியமாக ரேஷன் கார்டில் பார்த்துக்கொண்டாள்.

ஆவணியில் மூன்றாவது சோதனை. பழைய வார்த்தைகளை ஊரே மனப்பாடம் பண்ணிவிட்டதால் பரிமளா புதுப் பட்டியலோடு வந்திருந்தாள். பொன்னாயி எட்டு சொன்னாள். ராசாங்கம் ஆறு. முன்னே பின்னே பார்க்காத வார்த்தையில் ஆறு என்பதில் அவருக்கு எட்டைவிடப் பெருமை.

சில நாள் கழித்துப் பரிமளா எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "ரெண்டு கூட்டமும் ஏறியிருக்கு. நடந்தவங்க கொஞ்சம் கூடுதலா ஏறியிருக்காங்க. நாப்பது பேர வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நாளையிலேர்ந்து எல்லாருமே நடக்கலாம்."

மறுநாள் காலை கொள்ளிடக் கரையில் நாற்பது பேர். புது ஷூ கடித்ததில் ராசாங்கம் பாதி வழியிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. பாலம் வரைக்கும் போய்விடுவது என்று அவருக்குப் பிடிவாதம். பொன்னாயி நாலு எட்டு முன்னால் போவாள், நிற்பாள், அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நடப்பாள். பாலத்தடியில் போய் நின்றபோது அவருக்கு மூச்சு இரைத்தது. சட்டை நனைந்திருந்தது.

"போதுமா?" என்றாள்.

"திரும்ப நடக்கணும்ல, அத நெனச்சாத்தான் மலைப்பா இருக்கு" என்றவர், அவளுக்கு முன்னாலேயே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.