லேனாவிடம் சொன்னது

உஷாராணிக்கு ஆறு மாதமாக இருப்புக் கொள்ளவில்லை. ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் மகள் தாமரை, வீடியோ காலில் பேசும்போது நடுவே முகத்தைத் திருப்பி, அறைத்தோழி லேனாவிடம் ரஷ்ய மொழியில் ஏதோ சொல்வாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "ஐ'ம் ஃபைன்மா" என்பாள். நன்றாக இருக்கிற பிள்ளை எதற்காக அங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் கிடக்க வேண்டும்?

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு. நீதான் சும்மா பயப்படுற லா," என்றார் கணவர் சிவநேசன். அவருக்கென்ன, படுத்தால் தூக்கம் வருகிறது.

உஷாராணி மலேசியாவில், கிள்ளானில் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். வீட்டிலும் இங்கிலீஷ்தான், தமிழ் கோயிலுக்கும் மாமியாருக்கும். மகள் ஒரு மொழிக்குள் ஒளிகிறாள் என்றால் அதற்குள்ளேயே போய்த் தேடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். யோகா வகுப்பு என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரஷ்யக்காரியின் ஃபிளாட்டுக்குப் பாடம் படிக்கப் போனாள்.

ஐம்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிப்பது லேசா? இங்கிலீஷை வைத்து நடந்த இடத்திலெல்லாம் இடறி விழுந்தாள். மாமியாரிடம் பேசும் தமிழை வைத்துப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பிடி கிடைத்தது. 'நான் டீச்சர்' என்றால் ரஷ்ய மொழியிலும் 'நான் டீச்சர்' தான். இங்கிலீஷ்போல நடுவில் எதையும் செருக வேண்டாம். இத்தனை நாள் தமிழை ஒரு பொருட்டாக மதிக்காததற்கு அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ரயிலிலும் மீன் வாங்கும் பாசாரிலும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். "என்ன ஆன்டி, மந்திரமா?" என்றார் மீன்காரர்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தாமரை வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள். இந்த முறை சொற்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன.

"அம்மாகிட்ட சொல்லிடு," என்றாள் லேனா.

"முடியாது. ஜனவரியிலிருந்து நான் வகுப்புக்கே போகலைனு தெரிஞ்சா அம்மா செத்துப்போயிடுவாங்க."

உஷாராணி காதல் கீதல் என்று எதையெதையோ நினைத்துப் பயந்திருந்தாள், இதை நினைக்கவில்லை. முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்ல வேண்டாம். அப்புறம்தான் பிள்ளையின் கண்கள் குழி விழுந்து கிடப்பது தெரிந்தது.

தாமரை திரும்பி, "லேனா ரைஸ் குக்கர் எங்கேனு கேக்குறாம்மா. ஐ'ம் ஃபைன்," என்றாள்.

காதில் விழாததுபோல் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் இந்தப் பெண் இன்னும் எத்தனை மாதம் அந்தப் போர்வைக்குள்ளேயே கிடப்பாளோ. உஷாராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, ரஷ்ய மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அம்மா சாக மாட்டாள்."

லேனா மெல்ல எழுந்து அறையை விட்டுப் போனாள். தாமரை போர்வையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். வெகு நேரம் அழுதாள்.

"எனக்கு இங்க முடியலம்மா."

"தெரியுது. எங்கேயும் போகாத," என்றாள் உஷாராணி. "நானே வரேன், கூட்டிட்டு வர."