எழிலரசியின் வால் வைத்த டாங்கி

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வருவதாக இருந்தாலும், பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கும் முன்பே என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். என்னைக் கூப்பிட அல்ல, கிளியைக் கூப்பிட. மணி கோத்துச் செய்த ஜோடிக் கிளி, ஒயரில் பின்னிய அன்னம், நூல் வேலையில் ‘நல்வரவு’ போட்ட துணி. மூன்றும் எனக்குக் கல்யாணமான புதிதில், பேச்சுத் துணைக்கு இந்தத் தெருவில் ஆள் சேராத காலத்தில், நான் செய்தவை.

பெண்ணின் கைவேலை என்று ஷோகேஸில் நாலு சாமான் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்து, “பொண்ணே பண்ணுச்சா?” என்று கேட்க வேண்டும். “ஆமாங்க, சும்மாவே இருக்க மாட்டா” என்று பெண்ணைப் பெற்றவள் சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கு மாதிரி இதுவும் ஒரு முறை. இதுவரை பதினொரு பெண்கள் என் கிளியைச் செய்திருக்கிறார்கள். ஒன்பது பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எந்த மாமியாரும் இன்னொரு கிளி செய்து காட்டச் சொன்னதாகத் தகவல் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டாவது பெண் எதிர் வீட்டு எழிலரசி. பரசுராமனுக்கும் கனகத்துக்கும் ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. பெண்கள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, தண்டலத்தில் ஒரு கம்பெனி டூல் ரூமில் மெஷின் பாகங்களுக்குப் படம் வரையும் வேலை. சுங்குவார்சத்திரத்தில் காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறுவாள், ஆறரைக்கு இறங்குவாள். நான் நேரம் பார்ப்பதில்லை, பஸ் சத்தம் கேட்கும்.

அவள்தான் தை மாதத்திலிருந்து கூடத்து மேசையில் ஒரு டாங்கி கட்டிக்கொண்டிருந்தாள்.

நம் ஊர் டாங்கி கூட இல்லை. பிரான்சு தேசத்து டாங்கி. முதல் உலகப்போர் சமயத்தில் செய்ததாம். பாலிடெக்னிக் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் பார்த்த படத்தை அப்போதே அளவெடுத்து நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். நிஜ வண்டியில் இருபதில் ஒரு பங்கு. நீளம் கால் மீட்டர். பிஸ்கெட் டின்னை வெட்டி உடம்பு, பேனா ரீபில்லில் பீரங்கிக் குழாய், சைக்கிள் டியூபில் தகரத் துண்டுகளை ஒட்டி ஓடும் பட்டை. முன்னால் இரண்டு பெரிய சக்கரம் மட்டும் பிளைவுட். நிஜத்திலும் அது மரச்சக்கரம்தானாம், நம் மாட்டுவண்டிச் சக்கரம் போல இரும்புப் பட்டை போட்டது. இதில் விசேஷம், அதற்கு ஒரு வால் உண்டு. பள்ளத்தைத் தாண்டும்போது வண்டி பின்னால் மல்லாந்துவிடாமல் இருக்கப் பின்பக்கம் இரும்பில் ஒரு வால்.

“ஏம்மா, கிளி அன்னம்னு ஆயிரம் கீது. இதுல இன்னா கண்ட?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் ஊசி முனையில் பெவிக்கால் தொட்டுத் தகரத்தின் ஓரத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்தால் ஆணித்தலை மாதிரி தெரியும். ஒரு வரிசைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

“அப்பல்லாம் டாங்கின்னா வூடு மாதிரி பெருசா பண்ணினு இருந்தாங்க அத்த. எட்டு பேரு, பத்து பேரு உள்ள. இவன் ரெண்டே பேருக்குச் சின்னதா பண்ணான். மேல சுத்தற கூண்டு வெச்சான். அதுக்கப்புறம் உலகத்துல எல்லாரும் இவனைப் பார்த்துத்தான் பண்ணாங்க.”

“அதுனால உனுக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்ல. புடிச்சிருக்கு.”

இப்படிப் பதில் சொல்லும் பெண்ணை வைத்துக்கொண்டு கனகம் எப்படிச் சமாளிக்கிறாள் என்று தெருவே வியந்தது. நான் தெருவுக்குச் சொன்னதால்தான் வியந்தது என்பது வேறு விஷயம்.

ஆவணியில் மணிமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தமிழ்வாணன், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். இதற்கு முன் வந்த மூன்று போட்டோவையும் எழில் ஒரு பார்வை பார்த்துக் கவிழ்த்துவிட்டாள். இதை மட்டும் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அன்றைக்குப் பெவிக்கால் ஊசி இரண்டு தடவை தவறியது. ஆக, பெண்ணுக்குப் பிடித்துவிட்டது.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கனகம் கிளிக்கு வந்தபோது எழிலும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“அத்த, குடுக்காதீங்க. கைவேலை இன்னான்னு கேட்டா டாங்கியைக் காட்டிக்கறேன்.”

“அறிவு கீதா உனக்கு?” என்றாள் கனகம். “மே மாசம் குண்டு வெடிச்சதுலருந்து ஊரே போலீஸ் செக்கிங்ல கீது. சாப்பாட்டு டப்பாவைக் கூடத் தொறந்து பார்க்கறான். நீ நடுவூட்டுல பீரங்கி வெச்சி மாப்பிள்ளைக்குக் காட்டுவியா?”

“ரீபில்லுமா அது.”

“இன்னாவோ ஒண்ணு. இந்த எடம் போச்சுன்னா நீ கண்ணாடி முன்னாடி நின்னு அழப்போற. எனக்குத் தெரியும்.”

எழில் அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. “அழுதா அழறேன். பொய் சொல்லிப் போவ மாட்டேன்” என்றாள். கனகம் கிளியையும் அன்னத்தையும் முந்தானையில் போட்டுக்கொண்டு போனாள். நல்வரவை நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினேன். நான் யார் பக்கமும் இல்லை, முறை என்று ஒன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காரியம் நடந்தது. எழில் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கனகம் டாங்கியை ஒரு பழைய கைத்தறிப் புடவையில் சுற்றி உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சமயம். சந்தனமும் பழுப்பும் காய்ந்து, பச்சை மட்டும் முந்தின சாயந்தரம்தான் அடித்திருந்தது. எனாமல் பெயிண்ட் ஆவணி ஈரத்தில் அவ்வளவு சீக்கிரம் காயாது என்று அவளுக்கும் தெரியாது, அப்போது ஒத்தாசைக்குப் போயிருந்த எனக்கும் தெரியாது. குளித்துவிட்டு வந்த எழில் வெறும் மேசையைப் பார்த்தாள். ஷோகேஸில் கிளியைப் பார்த்தாள். நேராகப் போய்த் தலை வாரிக்கொண்டாள். பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று நாங்கள் இரண்டு பேரும் கண்ணாலேயே சொல்லிக்கொண்டோம்.

பத்தரைக்கு வேன் வந்தது. மாப்பிள்ளை, அவன் அம்மா செங்கமலம், தாய்மாமன் எல்லப்பன், இன்னும் நாலு உருப்படி. பையன் போட்டோவை விட நன்றாகவே இருந்தான். எழில் காபி கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள், அவனும் பார்த்தான். எனக்குத் திருப்தி.

செங்கமலம் எழுந்து ஷோகேஸ் பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“இந்தக் கிளிக்கு ஒரு கண்ணு சேப்பு, ஒரு கண்ணு பச்சை” என்றாள்.

சிவப்பு மணி தீர்ந்துவிட்டது. என்ன செய்வது.

“தை மாசம் படப்பைல ஒரு பொண்ணு பார்க்கப் போனோம். அந்த வூட்டுலயும் ஒரு கண்ணு சேப்பு, ஒரு கண்ணு பச்சை.”

படப்பையில் இருப்பது என் ஓர்ப்படி. அவள் மகளுக்காகக் கொடுத்தது. கிளியை ஊர் தாண்டி அனுப்பியது என் தப்புதான், அதை நான் மறுக்கவில்லை.

கனகம் வாயைத் திறந்தாள். அதற்குள் எழில் காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

“அது நான் பண்ணலீங்க. லீலா அத்த பண்ணது. நான் பண்ணது உள்ள கீது.”

உள்ளே போய் மூட்டையைத் தூக்கி வந்து, காபி டம்ளர்களை ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் நடுவே வைத்துப் பிரித்தாள். புடவை பச்சையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததும் சர்ரென்று ஒரு சத்தம். பச்சை இருந்த இடமெல்லாம் நூலும் பஞ்சும், கம்பளிப் பூச்சி ஊர்ந்த மாதிரி. ஏழு மாத வேலை. கனகம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழில் முகத்தில் ஒரு நிமிஷம் ஏதோ வந்தது, போனது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஒவ்வொரு நூலாக எடுக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்விக்கெல்லாம் எடுத்துக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

“இன்னாமா இது, பீரங்கி வண்டியா?” என்றாள் செங்கமலம்.

“ஆமாங்க. பிரெஞ்சுக்காரங்களது.”

எல்லப்பன் மாமா கூண்டில் வரைந்திருந்த வெள்ளைச் சதுரத்தைக் காட்டினார். அதற்குள் சிவப்பில் ஒரு ஆட்டின். “சீட்டுக்கட்டுல இருக்கறதாச்சே. ரம்மி ஆடற கோஷ்டியா?”

“எந்த வண்டி எந்தக் குழுன்னு தெரியறதுக்கு மாமா. ஒரு குழுவுக்கு இஸ்பேட், ஒண்ணுக்கு ஆட்டின். அப்டி.”

“உள்ள எப்டிம்மா பேசிப்பாங்க? சத்தமா இருக்குமே.”

“பேச முடியாது. மேல நிக்கிறவரு கீழ ஓட்டறவரைக் காலால உதைப்பாரு. முதுகுல உதைச்சா போ. தலைல வெச்சா நில்லு.”

“நம்ம வூட்டு ஏற்பாடுதான்” என்றார் மாமா. பரசுராமன் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டுக் கனகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

தமிழ்வாணன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்திவிட்டான். கூண்டை ஒரு விரலால் சுற்றினான். சுற்றியது. வாலைத் தொட்டான். “இந்த ரிவெட்டெல்லாம்?”

“பெவிக்கால். முந்நூத்திப் பன்னெண்டு.”

“எங்க லைன்ல எவனுக்கும் இந்தப் பொறுமை இல்லீங்க” என்றான். அவன் காது சிவந்துவிட்டது. நான் மனசுக்குள் பத்திரிகை அடித்துவிட்டேன்.

செங்கமலம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “சரி. படிச்ச பொண்ணு, ஏதோ ஆசைக்குப் பண்ணிடுச்சு. கிளி விஷயத்தையும் நான் பெருசு பண்ணல. கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பொம்மை வேலைலாம் நம்ம வூட்டுல வேணாம். இதை யாருக்கானா குடுத்துட்டு வந்துரட்டும். நாலு பேரு வந்து போற எடம்.”

“நான் வந்தா இதுவும் வரும்” என்றாள் எழில். இன்னும் நூல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பெரியவங்க பேசினு இருக்கோம்.”

எழில் ஊசியை வைத்தாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். எங்கள் தெருவில் பெண் பார்க்கும் சபையில் எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்டதில்லை, என் கிளி சாட்சி.

“நீங்க இன்னா சொல்றீங்க?”

அவன் டாங்கியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். விரல் இன்னும் கூண்டின் மேல்தான் இருந்தது. பிறகு எடுத்துவிட்டான். நுனியில் பச்சை.

“அம்மா சொல்றதுதான்.”

“சரிங்க” என்றாள் எழில். “பஜ்ஜி ஆறிப்போவுது, சாப்ட்டுட்டுப் போங்க.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். எல்லப்பன் மாமா இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டார்.

வேன் திரும்பியதும் எழில் கண்ணாடி முன் நின்று அழுதாள். கனகம் சொன்னது சரிதான். கால் மணி நேரம் அழுதாள், அப்புறம் டர்பன்டைன் வாங்கக் கடைக்குப் போனாள். கனகம் மூன்று நாள் மகளிடம் பேசவில்லை. மூன்று நாளும் மகள் முதுகுக்குப் பின்னால் நின்று, அவள் பச்சையைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நான் நடுவில் நாலு வார்த்தை சமாதானமாகச் சொல்லப் பார்த்தேன். மூன்றாம் நாள் கனகம் கிளியை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை தரகர் மண்ணாங்கட்டி வந்தார். நானும் தற்செயலாக அங்கே இருந்தேன்.

“பையன் ரெண்டு நாளா சரியா சோறு துண்ணலயாம் கனகம். பொண்ணைப் புடிச்சுப்போச்சு. அந்தம்மாவும் எறங்கி வந்துட்டாங்க. வண்டியை உட்டுட்டு வந்தா போதும். அப்புறம், எதுத்துப் பேசுனதுக்கு ஒரு வார்த்தை, தப்புன்னு.”

எழில் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். போட்டோ இன்னும் மேசை விளிம்பில்தான் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கனகம் பேசிவிட்டாள்.

“என் பொண்ணு கேட்டது மாப்பிள்ளையை. பதில் வந்தது அவங்கம்மாகிட்டருந்து. தப்புன்னு எதுக்குச் சொல்லணும்? பொய்யைக் கொண்டாந்து ஷோகேஸ்ல வெச்சது நானு. பெயிண்டைக் கெடுத்தது நானு. சொல்றதுன்னா அவகிட்ட நான்தான் சொல்லணும்.”

“இன்னா கனகம், நல்ல எடம்.”

“நல்ல எடம்தான். அவரையே வந்து சொல்லச் சொல்லு. வரும்போது அவங்க வூட்டு ஷோகேஸை அளந்துகினு வரட்டும். கால் மீட்டர் வேணும். வாலோட.”

மண்ணாங்கட்டி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கிளிப் பையைப் பார்த்தேன்.

வியாழன் சாயந்தரம் எழில் பச்சையைத் திரும்ப அடித்தாள். வெள்ளி விடியற்காலையில் நான் எழுந்து பார்த்தால் எதிர் வாசல் பெருக்காமல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை. தண்ணீர் தெளிக்கவில்லை, கோலம் இல்லை, முந்தின நாள் சருகு அப்படியே. கனகம் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா கனகம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உள்ள பெயிண்ட் காயுது. பெருக்கினா தூசி போய் ஒட்டிக்கும். ரெண்டு நாளைக்கு இந்த வாசல் இப்டிதான்.”

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா? தெரு இன்னா பேசும்?”

“உன்னைக் கேட்டாதான் தெரியும்” என்றாள் கனகம். டம்ளரைக் கீழே வைத்தாள். “லீலா, நீயும் அந்தத் தொடப்பத்தை உள்ள வை. காத்து உன் வாசல்லருந்து என் வாசலுக்குத்தான் அடிக்குது.”

பத்தொன்பது வருஷமாக நான் ஒரு வெள்ளி தவறியதில்லை. கையில் துடைப்பத்தோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.

அன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு வாசல் பெருக்கவில்லை.