வேறிடத்தில் இருந்தவர்

1
இந்தக் கதை ஒரு லத்தீன் வினையடையிலிருந்து பிறந்தது. சிரிக்காதீர்கள். செங்கல் சுமந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு லத்தீன் ஒரு கேடா என்று என் அண்ணியே கேட்டுவிட்டாள்.

அலிபி. 'வேறு', 'அங்கே' என்ற இரண்டும் ஒட்டிய சொல். வேறிடத்தில் என்று பொருள். வக்கீல்கள் கையில் சிக்கியதும் பெயர்ச்சொல்லாகப் பதவி உயர்வு பெற்றது. குற்றம் நடந்தபோது நான் அங்கே இல்லை என்று சொல்லித் தப்புவதற்கு இப்போது 'அலிபை' என்று பெயர். (சித்தாளுக்கு இது வாய்க்காது. அவள் எப்போதும் அங்கேதான் இருப்பாள்.)

2
'மாலைச் சூரியன் பொன்னிறமாக' – அடித்துவிட்டேன். தளம் விழுந்த இடத்தில் பொன்னிறம் ஏது? புழுதிதான்.

மறுபடியும். இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட்டுக்குக் கீழே நின்ற முட்டுக்கழிகளை மேஸ்திரி உருவச் சொன்னார். அவர் தங்கை புருஷன் உருவினான். தளம் இறங்கி அவன் இரண்டு காலையும் நசுக்கியது. அடுத்த கட்டடத்துக்கு உடனே அந்தக் கழியும் பலகையும் வேண்டும் என்று மேஸ்திரியிடம் போனில் கத்தியவர் கான்ட்ராக்டர்.

3
ஆஸ்பத்திரி வராந்தா.

"நாளைக்கு விசாரணையில பொய்யே சொல்ல வேணாம், மேஸ்திரி. நான் அங்க இல்லன்னு சொல்லு. நெஜந்தானே?" என்றார் கான்ட்ராக்டர்.

"நீங்க இல்ல சார். உங்க கொரல் இருந்துச்சே."

"கொரல் மேல எவனும் கேஸ் போட மாட்டான். போனைப் பத்தி வாயத் தொறந்தே, இந்த ஊர்ல சாந்துக்கரண்டி பிடிக்க முடியாது."

அவர் போனதும் தங்கை வந்தாள்.

"அண்ணே, அவரு இல்லன்னா பழி உன்மேல. நீயும் கையக் கழுவிட்டா, எம் புருஷன் தானா உருவிக்கிட்டான்னு ஆயிடும். எந்தப் பக்கம்னு நீயே பாத்துக்க."

4
முடிவு ஒன்று: மேஸ்திரி எல்லாவற்றையும் சொல்கிறார். கான்ட்ராக்டர் உள்ளே போகிறார். நீங்கள் கைதட்டுகிறீர்கள். (எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.)

முடிவு இரண்டு: நடக்க முடியாதவன் மேலேயே பழி விழுகிறது. இதற்குக் கற்பனை தேவைப்படவில்லை. கதை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

5
விசாரணை அறை. "தளம் விழுந்தப்போ கான்ட்ராக்டர் எங்க இருந்தார்?" என்கிறார் அதிகாரி.

"வேற எடத்துல, சார்."

கான்ட்ராக்டர் நிம்மதியாக நாற்காலியில் சாய்கிறார். வாசலில் தங்கை.

"அங்கேருந்து..." என்று மேஸ்திரி தொடங்குகிறார்.

இங்கே நிறுத்துகிறேன். அடுத்த வார்த்தையால் ஒரு வேலை போகும், என்னுடையதல்ல. எனக்கு அலிபை இருக்கிறது: நான் என் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் அந்த அறை வரைக்கும் வந்துவிட்டீர்கள். தங்கை உங்களைப் பார்க்கிறாள்.

ம், சொல்லுங்கள். அங்கேயிருந்து?