கொமரலிங்கத்தில் மதியச் சாப்பாடு

2008 புரட்டாசியில் கம்பெனி அலுவலகத்தின் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. அடுத்தது தன்னுடையதுதான் என்று ஜெபக்குமாருக்குத் தெரியும்.

“எங்க பங்காளிக எல்லாம் கார்ல அமராவதி டேம், மூணாறுன்னு போறோம். சாப்பாட்டுக்கு எங்கெங்க நிறுத்தறதுன்னு நீ பாத்துக்க. இதையாச்சும் ஒழுங்காப் பண்ணு, அப்பறம் உன் வேலையப் பத்திப் பேசலாம்” என்றார் முதலாளி சதீஷ்குமார்.

உடுமலையில் டிபன். மதியம் கொமரலிங்கத்தில், ஆற்றோரத் தோப்பில், முதலாளி கேட்டபடி குழந்தையம்மாள் சமைக்கும் நாட்டுக்கோழி. ஞாயிறு கிளம்புவதாக இருந்தவர்கள் ஒரு கல்யாணத்துக்காகச் சனிக்கிழமைக்கு மாறினார்கள். ஜெபக்குமார் சாப்பாடு சொல்லிவைத்திருந்த எல்லோருக்கும் போன் செய்து கிழமையை மட்டும் மாற்றிச் சொன்னான்.

உடுமலையில் பெண்கள் காபியோடு எழுந்துவிட்டார்கள். மலைப்பாதைக்குப் பயந்து வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவன் பைக்கில் முன்னால் வந்தான்.

தோப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“உப்பு பாத்தியளாக்கா?”

“நான் எப்படிங்க பாக்கறது? புரட்டாசிச் சனிக்கிழமைங்க, விரதம். அதான் அடுப்பையே வெளிய போட்டிருக்கறேன்.”

“முன்னாடியே சொல்லப்பிடாதாக்கா? வாரவுக எல்லாரும் உங்க ஆளுகதான்!”

“கோழி கேட்டீங்க. உங்களாட்டம் தெக்கத்திக்காரங்களாக்கும்னு இருந்துட்டேனுங்க.”

போனில் சிக்னல் இல்லை. ரோட்டுக்கு ஓடினான், அங்கும் இல்லை. திரும்பி வந்து கெஞ்சினான். அவள் வீட்டுக்குள் போய் சோற்றுக்கும் பருப்புக்கும் உலை வைத்தாள். அவன் குழம்புக் குண்டாவைத் துணி சுற்றித் தூக்கி வாய்க்காலுக்கு அப்பால் வைத்தான். கை வெந்தது. அடுப்பில் தண்ணீர் ஊற்றினான். புகையோடு மசாலா வாசமும் எழுந்து தோப்பெங்கும் பரவியது.

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. முதல் காரில் முதலாளியின் அம்மா நல்லம்மாள் கண்ணாடியை இறக்கினார். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

“என்ற சாமி, இன்னிக்கா கறி?”

“இல்லீங்கம்மா, உள்ள தனியா பருப்பு வேவுது, கொஞ்சம் பொறுத்தியள்னா…”

கண்ணாடி ஏறிவிட்டது. சதீஷ்குமார் தன் காரிலிருந்து இறங்கவில்லை.

“கோழின்னு சொன்னது ஞாயித்துக்கெழமைக்கு. அத்தனையும் நீயே தின்னுட்டு வா. திங்கக்கெழமை வந்து கணக்கை முடிச்சுக்க.”

ஒவ்வொரு காராகத் திரும்பியது. கடைசிக் காரும் போனதும் புழுதி மெல்ல அடங்கியது.

குழந்தையம்மாள் ஓர் இலையை அவன் முன்னால் போட்டாள். வாய்க்காலுக்கு அப்பால் இருந்த குண்டாவை அவனேதான் எடுத்து வந்து ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

“உப்பு செரியா இருக்குதுங்களா?” என்று தள்ளி நின்று கேட்டாள்.

“சரியா இருக்குக்கா” என்றான்.